அந்திகோனியும் பள்ளி மேடையும்
பழைய துன்பியலைப் புதுமையாக்கும் முறை பற்றி ஓர் ஆய்வு

முன்னுரை

பழைய நாடகம் ஒன்றை இன்றைய மேடைக்குக் கொண்டுவர விரும்பும் மாணவர் குழுவினர் முதலில் எண்ணிப் பார்ப்பது உடையைப் பற்றித்தான். மன்னனுக்குக் கோட்டும் காற்சட்டையும் அணிவிப்பர். காவலன் கையிலுள்ள ஈட்டியை வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடுப்பர். தூதன் ஓடிவந்து சொல்லும் செய்தியை வானொலி சொல்லும்படி அமைப்பர். இவ்வளவும் செய்துவிட்டால் நாடகம் புதுமையாகிவிட்டது என்று மன நிறைவும் கொள்வர். ஆனால் உடை மாறினால் நாடகம் மாறிவிடுமா? ஒரு பழைய துன்பியலில் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு எடுத்துக்காட்டாக, உலகின் பல மேடைகளில் பலரால் புதுமையாக்கப்பட்ட ‘அந்திகோனி’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம்.

மாணவர் மேடையில் கிரேக்க நாடகம்

கிரேக்கத் துன்பியல்கள் இக்கால மேடைக்கு மீண்டும் வந்ததில் கல்வி நிலையங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1880-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரியில் ‘அகமெம்னன்’ நடிக்கப்பட்டது. 1881-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ‘ஈடிபஸ்’ அரங்கேறியது. 1882-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘அயாக்ஸ்’ நாடகத்தை நடித்தனர். இங்கிலாந்தின் பிராட்ஃபீல்டு பள்ளியில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்றையே கிரேக்க அரங்கமாகச் செதுக்கினர். 1890-இல் அங்கு ஆடப்பட்ட நாடகம் ‘அந்திகோனி’. இவையெல்லாம் மூலக் கிரேக்க மொழியிலேயே நடிக்கப்பட்டவை. பழமையை உள்ளது உள்ளபடியே காட்டுவதுதான் அக்கால ஆசிரியர்களின் குறிக்கோள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்நோக்கு மாறிற்று. இரண்டு உலகப்போர்களைக் கண்ட தலைமுறையினர் கிரேக்க நாடகத்தை அருங்காட்சியகப் பொருளாகக் காண விரும்பவில்லை. அது தம் காலத்தோடு பேசவேண்டும் என்று விழைந்தனர். அவ்விழைவின் விளைவே நாம் காணப்போகும் புத்தாக்கங்கள்.

நாடகத்தின் கதை

சோபோகிளிஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றியவர். அவற்றுள் முழுமையாகக் கிடைத்தவை 7 மட்டுமே. ‘அந்திகோனி’ கி.மு. 441-ஐ ஒட்டி ஏதென்ஸில் அரங்கேறியது என்பர் அறிஞர்.

ஈடிபஸ் மன்னனின் புதல்வர் இருவர் தீப்ஸ் நகரின் ஆட்சிக்காகப் போரிட்டு, ஒருவர் கையால் ஒருவர் மடிகின்றனர். ஒருவன் எட்டியோக்ளிஸ், நகரைக் காத்தவன். மற்றவன் பாலினைசிஸ், அயல்நாட்டுப் படையோடு வந்து சொந்த நகரையே தாக்கியவன். அரியணை ஏறிய தாய்மாமன் கிரேயோன் ஓர் ஆணை பிறப்பிக்கிறான். நகரைக் காத்தவனுக்கு எல்லாச் சிறப்போடும் அடக்கம். எதிர்த்தவன் உடல் நாய்க்கும் பறவைக்கும் இரையாகக் கிடக்கட்டும். அதனை அடக்கம் செய்வோர்க்கு மரணதண்டனை என்பது அவ்வாணை.

தங்கை அந்திகோனி ஆணையை மீறி அண்ணன் உடல்மீது மண் தூவுகிறாள். பிடிபடுகிறாள். செய்ததை மறுக்கவில்லை. மனிதர் எழுதிய ஆணையைவிட எழுதப்படாத தெய்வ நெறியே பெரிது என்கிறாள். அவளை மணக்கவிருந்தவன் கிரேயோனின் மகனாகிய ஹேமோன். அவன் தந்தையிடம் வாதாடித் தோற்கிறான். அந்திகோனி உயிரோடு கற்குகையில் அடைக்கப்படுகிறாள். பார்வையற்ற முனிவர் தைரேசியஸ் வந்து எச்சரித்த பின்னரே கிரேயோன் மனம் மாறுகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டு இறந்துவிடுகிறாள். ஹேமோன் வாளால் மாய்கிறான். செய்தி கேட்ட அரசி யூரிடிசியும் தன்னுயிரைப் போக்கிக்கொள்கிறாள். கிரேயோன் மட்டும் உயிரோடு எஞ்சுகிறான். அதுவே அவன் பெற்ற தண்டனை.

பாடற்குழுவின் இடம்

இக்கதையைப் படிப்போர் அந்திகோனி, கிரேயோன் ஆகிய இருவரையே நோக்குவர். மூன்றாவதாக ஒரு பாத்திரம் தொடக்கம் முதல் இறுதிவரை மேடையில் இருப்பதை மறந்துவிடுவர். அதுதான் ‘கோரஸ்’ எனப்படும் பாடற்குழு. இந்நாடகத்தில் அது தீப்ஸ் நகர முதியோர் அவை.

ஏதென்ஸ் மேடையில் பேசும் நடிகர்கள் மூவர் மட்டுமே. முகமூடி மாற்றி எல்லாப் பாத்திரங்களையும் அவர்களே ஏற்பர். பாடற்குழுவினரோ 15 பேர். இவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். நகரத்தின் சாதாரணக் குடிமக்கள். செல்வர் ஒருவர் செலவை ஏற்க, பல வாரங்கள் பயிற்சி பெற்று, டயோனிசஸ் விழாவில் தம் உற்றார் உறவினர் முன்னிலையில் ஆடிப் பாடியவர்கள். பார்ப்போரும் குடிமக்கள், பாடுவோரும் குடிமக்கள். எனவே பாடற்குழு என்பது நகரம் தன்னைத் தானே மேடையில் கண்டுகொள்ளும் கண்ணாடி எனலாம்.

அக்கண்ணாடியில் தெரிவது என்ன? அச்சமும் மௌனமும். ஆணை பிறந்ததும் முதியோர் எதிர்ப்புக் கூறவில்லை. இறந்தோர்மீதும் இருப்போர்மீதும் மன்னனுக்கு அதிகாரம் உண்டு என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். இவர்கள் உள்ளத்தில் என் பக்கமே இருக்கிறார்கள், அச்சம் வாயைக் கட்டிவிட்டது என்று அந்திகோனி அவர்கள் முன்னிலையிலேயே சொல்கிறாள். அப்போதும் அவர்கள் பேசுவதில்லை. நகர மக்கள் இருளில் இப்பெண்ணுக்காக இரங்குகிறார்கள் என்று ஹேமோன் எடுத்துரைக்கும்போது, தந்தை சொல்வதும் நன்று, மகன் சொல்வதும் நன்று என்று நடுவில் நிற்கின்றனர்.

இங்கே நாம் ஊன்றிப் பார்க்கவேண்டிய ஓர் இடம் உண்டு. சினம் மிகுந்த கிரேயோன், குற்றமற்ற தங்கை இஸ்மெனியையும் சேர்த்துக் கொல்ல எண்ணுகிறான். அப்போது முதியோர் ஒரே ஒரு கேள்வி கேட்கின்றனர்: இருவரையுமா கொல்லப்போகிறாய்? கிரேயோன் உடனே திருத்திக்கொள்கிறான், இஸ்மெனி பிழைக்கிறாள். ஒரு கேள்வி ஓர் உயிரைக் காத்தது! அப்படியானால் இன்னொரு கேள்வி இன்னோர் உயிரையும் காத்திருக்குமே என்னும் எண்ணம் பார்ப்போர் நெஞ்சில் எழாமலிராது.

இறுதியில் கிரேயோன் தானே வந்து, நான் என்ன செய்யவேண்டும் என்று முதியோரைக் கேட்கிறான். பெண்ணை முதலில் விடுவி, பிறகு இறந்தவனை அடக்கம் செய் என்கின்றனர். அவன் வரிசையை மாற்றிவிடுகிறான். முதலில் பிணத்தை அடக்கம் செய்துவிட்டுப் பிறகு குகைக்குச் செல்கிறான். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. நகரம் வாய் திறந்தது. ஆனால் மிகப் பிந்தித் திறந்தது. இதுவே இத்துன்பியலின் உயிர்நாடி என்பது என் கருத்து.

ஆகவே, ‘அந்திகோனி’யைப் புதுமையாக்க முனைவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “நம் மேடையில் பாடற்குழு யார்?” என்பதே. இக்கேள்விக்கு நான்கு மேடைகள் நான்கு விதமாக விடை கூறியிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பாரிஸ், 1944: ஒருவராகச் சுருங்கிய குழு

ஜெர்மானியப் படை பாரிஸ் நகரைத் தன்பிடியில் வைத்திருந்த காலம். 1944 பிப்ரவரியில் அதெலியே அரங்கில் ழான் அனூயி எழுதிய ‘அந்திகோனி’ அரங்கேறியது. நடிகர்கள் அக்காலத்து மாலைநேர உடையில் தோன்றினர். ஜெர்மானியத் தணிக்கையாளர் இதற்கு அனுமதி அளித்தனர் என்பது வியப்புக்குரியது. அந்திகோனியின் மறுப்பில் விடுதலைப் போராளிகள் தம் குரலைக் கேட்டனர். கிரேயோனுக்கு நாடகாசிரியர் தந்த வாதத்திறன் மற்றவர்க்கு நிறைவளித்தது.

அனூயி பாடற்குழுவை ஒரே மனிதராக்கிவிட்டார். அவர் கதைக்கு வெளியே நின்று, யார் யார் இறக்கப்போகிறார்கள் என்பதை முதலிலேயே அறிவித்துவிடுகிறார். முதியோர் அவை இல்லை; முனிவர் தைரேசியஸும் இல்லை. எல்லாரும் மடிந்த பின்னர்க் காவலர்கள் மட்டும் சீட்டாடிக் கொண்டிருக்க நாடகம் முடிகிறது. நகரமே இல்லாத ஒரு நகரம் அது. அடிமைப்பட்ட நாட்டில் பொதுக்குரல் எவ்வாறு அழிந்துபோகிறது என்பதை அந்த வெறுமையே உணர்த்திவிடுகிறது.

கூர், 1948: பங்கு கேட்கும் குழு

போர் முடிந்து அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா திரும்பிய பெர்டோல்ட் பிரெக்ட், 1948 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் கூர் என்னும் சிறு நகரில் தம் ‘அந்திகோனி’யை மேடையேற்றினார். கவிஞர் ஹோல்டர்லின் 1804-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பே அதற்கு அடிப்படை. அந்திகோனியாக நடித்தவர் பிரெக்டின் மனைவி ஹெலனே வைகல். அப்போது அவர் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்.

நாடகத்திற்கு முன் பிரெக்ட் ஒரு சிறு முன்காட்சியைச் சேர்த்தார். 1945 ஏப்ரல்; பெர்லின் நகரம். குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்கியிருந்த சகோதரியர் இருவர் வீடு திரும்புகின்றனர். படையைவிட்டு ஓடிவந்த சகோதரன் வாசலில் தூக்கிடப்பட்டுத் தொங்குகிறான். அவனுக்கு இன்னும் உயிர் இருக்கலாம். கயிற்றை அறுக்கச் சென்றால் தன்னுயிர் போகும். சென்றாளா, இல்லையா? விடை சொல்லாமலே காட்சி முடிகிறது.

பிரெக்ட் காட்டும் முதியோர் வெறும் அச்சத்தால் வாய்மூடியவர் அல்லர். கிரேயோன் தொடுத்த போரே ஆர்கோஸ் நாட்டின் கனிமச் செல்வத்திற்காக. அக்கொள்ளையில் தமக்கும் பங்கு உண்டு என்று காத்திருப்பவர்கள் இவர்கள். வெற்றி கிட்டும்வரை போற்றுகிறார்கள். தோல்வி நெருங்கியதும் பழிக்கிறார்கள். மௌனத்திற்குப் பின்னால் அச்சம் மட்டுமன்று, ஆதாயமும் இருக்கக்கூடும் என்பது பிரெக்ட் கற்பிக்கும் பாடம்.

கேப் டவுன், 1973: பார்வையாளரே குழு

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் போர்ட் எலிசபெத் நகரை அடுத்த நியூ பிரைட்டன் குடியிருப்பில், கறுப்பின நடிகர்கள் சிலர் வெள்ளையரான எழுத்தாளர் அத்தோல் ஃபுகார்டுடன் இணைந்து ‘செர்பண்ட் பிளேயர்ஸ்’ என்னும் குழுவை நடத்தினர். 1965-இல் அவர்கள் ‘அந்திகோனி’யை நடிக்க முனைந்தபோது குழுவைச் சேர்ந்த நடிகர் ஒருவர் கைதாகி ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். கற்ற நாடகத்தை மறவாமல் சிறைக்குள்ளேயே அதன் பகுதியை அவர் நடித்துக் காட்டினார். இச்செய்தியிலிருந்து பிறந்ததே ‘தீவு’ என்னும் நாடகம். ஃபுகார்டு, ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கிய இது 1973 ஜூலையில் கேப் டவுனில் முதன்முதலாக நடிக்கப்பட்டது.

மேடையில் இரண்டே கைதிகள். தொடக்கத்தில் வெகுநேரம் பேச்சே இல்லை. ஒருவன் மணலைத் தோண்டித் தள்ளுவண்டியில் கொண்டுசென்று மற்றவன் தோண்டும் இடத்தில் கொட்டுகிறான்; அவனும் அதையே இவனுக்குச் செய்கிறான். பயனற்ற, முடிவற்ற உழைப்பு. சிறை விழாவில் இவர்கள் ‘அந்திகோனி’ விசாரணைக் காட்சியை நடிக்கவேண்டும். பெண்வேடம் புனைந்தால் எல்லாரும் சிரிப்பார்களே என்று வின்ஸ்டன் மறுக்கிறான். இதற்கிடையே ஜானுக்குத் தண்டனை குறைகிறது; மூன்று மாதத்தில் விடுதலை. வின்ஸ்டனுக்கோ ஆயுள் தண்டனை. அந்த வேதனையின் நடுவேதான் அந்திகோனி யார் என்பது அவனுக்குப் புரிகிறது. இறுதிக் காட்சியில் பொய்முடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் குரலிலேயே பேசுகிறான்.

இதில் பாடற்குழு எங்கே? விழாவைத் தொடங்கிவைக்கும் ஜான், அரங்கில் அமர்ந்திருப்போரைச் சிறை அதிகாரிகளாகவும் காவலராகவும் கைதிகளாகவும் கருதி விளிக்கிறான். காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர் தாமே தீப்ஸ் நகர முதியோராகிவிடுகின்றனர். நான் காவலனா, கைதியா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள நேர்கிறது.

கிரேயோனின் நியாயம்

அதே ராபன் தீவில் கைதிகள் நடித்த ‘அந்திகோனி’யில் நெல்சன் மண்டேலா ஏற்ற வேடம் கிரேயோன்! 1994-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே இதனைக் குறிப்பிட்டுள்ளார். தொடக்கத்தில் கிரேயோன் பேசும் பேச்சில் அறிவு இருப்பதை அவர் ஏற்றுக்கொள்கிறார். பின்னர் பிறர் சொல் கேளாமையும் இரக்கமின்மையுமே அவனைத் தலைவனாகத் தகாதவனாக்கின என்று காட்டுகிறார். ஆட்சியால் சிறைப்பட்ட ஒருவர் ஆட்சியாளனின் உள்ளத்தில் நின்று பார்த்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

கிரேயோனை வெறும் கொடுங்கோலனாகக் காட்டுவது மாணவர் மேடையில் அடிக்கடி நேரும் குறை. உள்நாட்டுப் போர் முடிந்த மறுநாள் ஆட்சிக்கு வந்தவன் அவன். உறவைவிட நாடு பெரிது என்கிறான். அது தவறான கொள்கையன்று. மேலும், துரோகிகளைத் தம் மண்ணில் புதைக்கலாகாது என்னும் சட்டம் ஏதென்ஸிலேயே இருந்தது. பாரசீகரை வென்ற தளபதி தெமிஸ்டோக்ளிஸ் பின்னர்த் துரோகியெனத் தீர்க்கப்பட்டார். அவருடைய எலும்புகளை உறவினர் மறைவாகக் கொண்டுவந்து அட்டிகா மண்ணில் புதைத்ததாகக் கூறப்பட்டதை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்துள்ளார். எனவே கிரேயோனின் ஆணை அன்றைய பார்வையாளருக்குப் புதிதன்று. அவர்கள் நாட்டுச் சட்டமே அங்கு விசாரணைக்கு நின்றது. இரண்டு நியாயங்கள் மோதுவதே துன்பியல் என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெகல் இந்நாடகத்தைப் போற்றியதும் இதனால்தான். கிரேயோனிடமிருந்து நியாயத்தைப் பறித்துவிட்டால் முதியோரின் மௌனத்திற்கும் பொருள் இராது.

மிசௌரி, 2016: ஊரே குழு

இனி, ஒரு பள்ளி மண்டபத்துக்குச் செல்வோம். 2014 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த ஃபெர்கூசன் என்னும் ஊரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தெருவிலேயே கிடந்தது. அவர் பெற்றோரும் ஊராரும் அருகே நின்றும் நெருங்க முடியவில்லை. ஊர் கொந்தளித்தது.

அவர் அவ்வாண்டுதான் நார்மண்டி உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்திருந்தார். அதே பள்ளியில் 2016 செப்டம்பரில் ‘ஃபெர்கூசனில் அந்திகோனி’ நடைபெற்றது. மொழிபெயர்த்து இயக்கியவர் பிரையன் டோரீஸ். இவருடைய ‘தியேட்டர் ஆஃப் வார்’ குழுவினர் அதற்கு முன்னரே போர்வீரர்களுக்குக் கிரேக்கத் துன்பியல்களைப் படித்துக் காட்டி, அவர்கள் மனப்புண்ணைப் பற்றிப் பேசவைத்தவர்கள்.

இங்கே கதை மாறவில்லை. தீப்ஸ் தீப்ஸாகவே இருந்தது. கிரேயோன் காவல்துறை அதிகாரியாக மாற்றப்படவில்லை. வேடமில்லை, திரையில்லை. நடிகர்கள் மேசைமுன் அமர்ந்து வசனத்தைப் படித்தனர். மாறியது ஒன்றே ஒன்று: பாடற்குழு. ஃபில் உட்மோர் என்பவர் இசையமைக்க, தேவாலயப் பாடல் மரபில் அவ்வட்டாரத்து மக்களே பாடினர். அக்குழுவில் காவல்துறையைச் சேர்ந்தவர் இருந்தார், பள்ளி ஆசிரியர் இருந்தார், போராட்டக்காரரும் இருந்தனர். தெருவில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே வரிசையில் நின்று ஒரே பாடலைப் பாடினர். அடக்கம் செய்யப்படாத உடலைப் பற்றி அவர்கள் பாடியபோது, எவ்வுடல் என்று எவர்க்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. நாடகம் முடிந்ததும் பார்வையாளர் எழுந்து பேசினர். கைதட்டிவிட்டு வீடு செல்வதோடு அது முடியவில்லை. உரையாடலும் நாடகத்தின் பகுதியாகவே வைக்கப்பட்டது.

அந்த மண்டபத்தில் நடந்தது ஏதென்ஸின் பழைய முறையே அல்லவா? குடிமக்களே பாடினர், குடிமக்களே கேட்டனர். உடையைத் தொடாமல், பெயரை மாற்றாமல், நாம் பார்த்த நான்கனுள்ளும் மிகப் புதுமையானதாக அது அமைந்தது.

மாணவர் குழுக்கள் கருதவேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து மாணவர் மேடைக்கு உரிய சில கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. பாடற்குழுவை நீக்கலாகாது. ஒத்திகைக்கு நேரமில்லை, பாட ஆளில்லை என்று முதலில் வெட்டப்படுவது அதுவே. தொழில்முறை அரங்கிற்கு 15 பேருக்குச் சம்பளம் கொடுப்பது கடினம். பள்ளிக்கும் கல்லூரிக்கும் அத்தொல்லை இல்லை. பணத்தில் ஏழையான மாணவர் மேடை பாடற்குழுவில் செல்வம் மிக்கது.

2. குழுவில் ஒரே தன்மையரைச் சேர்க்கலாகாது. ஊரில் ஒருவரோடொருவர் பேசாதவர் எவரோ, அவர்கள் அருகருகே நிற்கவேண்டும். மாணவரோடு ஆசிரியரும் அலுவலரும் நிற்கலாம்.

3. கிரேயோன் வேடத்தைச் சிறந்த நடிகருக்கு, அதிலும் எல்லாராலும் விரும்பப்படுபவருக்குக் கொடுக்கவேண்டும். அவன் பேசும்போது பார்வையாளர் பாதிப்பேராவது தலையசைக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் அதிர்ச்சி அவர்களையும் தாக்கும்.

4. நிகழ்காலத்தைப் பெயர்சொல்லிச் சுட்டவேண்டிய தேவையில்லை. பார்ப்போர் தாமே கண்டுகொள்ளும் உண்மைக்கு வலிமை மிகுதி.

5. இஸ்மெனியைக் காத்த அந்த ஒரு கேள்வியை அவசரமாகக் கடந்துவிடலாகாது. கேட்பவரும் அரங்கமும் சற்றே நின்று மூச்சுவிடும்படி அவ்விடத்தை அமைக்கவேண்டும்.

முடிவுரை

அந்திகோனி போன்றோர் ஓர் ஊரில் அரிதாகவே தோன்றுவர்; கிரேயோன் ஆகும் வாய்ப்பும் நம்மில் சிலருக்கே கிட்டும். முதியோர் குழுவில் இடம் பெறுவதோ நம் அனைவருக்கும் உறுதி. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் தெருவிலும், அநீதி ஒன்று ஆணையாக வரும்போது கேள்வி கேட்பதா, கீழே பார்ப்பதா என்னும் நிலையில் நாம் நிற்போம். பழைய துன்பியலைப் புதுமையாக்குவது என்பது அந்நிலையை இன்றைய பார்வையாளர் தம் நிலையாக உணரச் செய்வதே. உரிய நேரத்தில் ஒரு கேள்வி கேட்கும் துணிவை ஒத்திகை பார்ப்பதற்குப் பள்ளி மேடையினும் தக்க இடம் வேறில்லை. மாணவர் நாடக மன்றங்கள் இதனைக் கருத்திற் கொள்ளுமாக.